பாட்டு தெளிவா இருந்தா சத்தம் எதுக்கு?

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. பையனுக்கு 22 வயசு. மேலே பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறான். காலையில் ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான்.

"ஐயா, ராத்திரி ஆனா இவன் காதுக்குள்ள சில்வண்டு கத்துதாம். நல்லெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டுப் பாத்தேன், நிக்கல. நீங்க ஏதாச்சும் தைலம் கொடுங்க."

பையன் வாயே திறக்கவில்லை. கழுத்தில் ப்ளூடூத் பட்டை தொங்கியது. "தம்பி, நீ எப்பவும் கேக்கிற சத்தத்துல வச்சு அதைக் கொஞ்சம் கொடு" என்றேன். (ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்த பிறகுதான் என் காதில் வைத்தேன். அடுத்தவர் காது அழுக்கு நமக்கு எதற்கு!) ஐந்து விநாடிகூட தாங்கவில்லை. பிடுங்கிவிட்டேன்.

சத்தம் அதிகம் என்பது மட்டும் இல்லை, பாட்டே மோசமாக இருந்தது. தகரத்தில் மணலைக் கொட்டினது போல. அதுவும் இளையராஜா பாட்டு! போடியிலிருந்து தேவாரம் தாண்டிப் போனால் அவர் பிறந்த பண்ணைப்புரம். நம் பக்கத்து ஊர்க்காரர் இசையை நம்ம ஊர்ப் பையன் இப்படியா கேட்பது?

"ஏம்ப்பா இவ்வளவு சத்தம்?"

"கம்மியா வச்சா வார்த்தை தெளிவா விழ மாட்டேங்குது சார்."

இந்த ஒரு பதிலில் விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. பாட்டு தெளிவாக இல்லாததால் சத்தத்தைக் கூட்டுகிறான். சத்தம் காதைக் கெடுக்கிறது. காது கெட்டதும் தெளிவு இன்னும் குறைகிறது. மறுபடியும் சத்தம்! ஆகவே பாட்டை நிறுத்து என்று நான் அவனிடம் சொல்லவில்லை. நல்லபடியாகக் கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

காதுக்குள்ளே ஒரு நத்தை

செவிப்பறைக்கு உள்ளே, நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு சிறு எலும்புக் கூடு இருக்கிறது. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள். ஒலி வரும்போது இவை அசைந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. புல் மேல் ஒருமுறை நடந்தால் படுத்து மறுபடி எழும். தினமும் அதே இடத்தில் நடந்தால் ஒற்றையடிப் பாதை ஆகிவிடும் இல்லையா? அதே கதைதான். புல்லாவது மழை பெய்தால் மறுபடி முளைக்கும். மனுஷனுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதே இல்லை.

பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். 'ச', 'த', 'ப' போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுகிற பகுதி அது. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் "நீங்க பேசறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபல் என்றால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். 95 டெசிபலுக்கு ஒண்ணேகால் மணி. 100 டெசிபலுக்கு 20 நிமிஷம்... அதுவும் ஒரு வாரத்துக்கு! முழுச் சத்தத்தில் 100-ஐத் தாண்டுகிற போன்கள் உண்டு. நம்ம பையன் போக வர மூன்று மணி நேரம், வாரம் ஆறு நாள் கேட்கிறான். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தைலம் எங்கே போகும்?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த புதிதில், காது இரைச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் தைலம் எழுதிக் கொடுத்தவன்தான் நானும். ஒருநாள் மில்லில் வேலை பார்த்த ஒருவர், காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்துப் போச்சு என்று வந்தார். அழுக்குதான் அடைத்திருக்கிறது என்று நினைத்து, உள்ளே சரியாகப் பார்க்காமலேயே பத்து நாள் தைலம் விட்டேன். பிறகு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். "அன்னைக்கே அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் அவர். அந்தக் காது திரும்பவே இல்லை.

இறுகிப்போன அழுக்கைச் சொட்டு மருந்து இளக்கும். ஆனால் ஓட்டை இல்லாத செவிப்பறையை எண்ணெய் தாண்டாது. ஓட்டை இருந்தாலோ எண்ணெய் விடவே கூடாது. நத்தைக்குள் செத்த செல்லை எந்தத் தைலமும் எழுப்பாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் கைவைத்தியம் வேண்டாம், என்னிடமும் வர வேண்டாம். அன்றைக்கே நிபுணரிடம் ஓடுங்கள். நாள் ஆக ஆக, திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு குறையும்.

ஜீப்பும் மலையும்

சரி, தெளிவு எங்கே தொலைகிறது? முதல் திருடன் ஜீப் இரைச்சல். இஞ்சின் உறுமலைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் சத்தம் ஏறத்தான் செய்யும். இரண்டாவது, மலை. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து காது 'கும்' என்று அடைக்கும். அந்த நேரத்தில் பாட்டு மங்கலாகத்தான் கேட்கும். சத்தத்தைக் கூட்டாதீர்கள். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டு மெல்லுங்கள் (நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!). காது திறந்துகொள்ளும்.

மூன்றாவது திருடனை யாரும் கண்டுகொள்வதில்லை. இயர்போனோடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று ரப்பர் மூடிகள் கொடுப்பார்கள். பெட்டியில் மாட்டி வந்ததையே எல்லோரும் போட்டுக்கொள்கிறோம். மூடி காதில் சரியாக உட்காரவில்லை என்றால் தபேலா, பேஸ் கிட்டார் போன்ற கனமான ஒலிகள் ஒழுகிப் போய்விடும். வெளி இரைச்சலும் உள்ளே வரும். அந்தப் பையனுக்கு அன்று மூடியை மாற்றிப் போட்டேன். "சார், இது வேற பாட்டு மாதிரி இருக்கு" என்றான். சத்தத்தைப் பாதிக்குக் கொண்டுவந்த பிறகு சொன்னது அது!

இஞ்சின் இரைச்சலை எதிரொலி போட்டு அடக்குகிற 'நாய்ஸ் கேன்சலிங்' வகை இன்னும் நல்லது. ஜீப்பில் உட்கார்ந்து போகிறவருக்கு மட்டும்தான். ஓட்டுகிறவருக்கும் ரோட்டில் நடக்கிறவருக்கும் ஆகவே ஆகாது.

உமியும் அரிசியும்

கடைசியில்தான் பாட்டின் தரம் வருகிறது. சி.டி.யில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. பெரிய ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஒலியை நம் காது கவனிக்காது. கவனிக்காததைக் கழித்துவிட்டால் இடம் மிச்சம்! எம்.பி.3-யின் தந்திரம் இதுதான். 320 கிலோபிட் என்றால் உமியை மட்டும் நீக்கின மாதிரி. பெரும்பாலோர் காதுக்குச் சி.டி.க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மிகவும் குறைத்துவிட்டால் உமியோடு அரிசியும் போய்விடும். ஸ்பாட்டிஃபையில் 'லோ' என்று வைத்தால் வெறும் 24 கிலோபிட்தான்.

மலைச்சரிவில் சிக்னல் வரும், போகும். 'ஆட்டோ' என்று வைத்திருந்தால் ஆப் தானாகவே தரத்தைக் கீழே இறக்கிவிடும். ஆகையால் வீட்டில் வை-பை இருக்கும்போதே ராத்திரி பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் ஆன்லைனில் கேட்கிற தரம் வேறு, டவுன்லோட் தரம் வேறு என்று தனித்தனியே இருக்கும். இரண்டாவதை மிக உயர்ந்த தரத்தில் வையுங்கள். 5 நிமிஷப் பாட்டுக்கு 320 தரத்தில் 12 எம்.பி. பிடிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் இதற்குச் சந்தா கட்ட வேண்டிவரும். நஷ்டம் இல்லை என்பேன் நான். அதற்கு மேலே 'லாஸ்லெஸ்' என்று சில ஆப்களில் கொடுக்கிறார்கள். சாதாரண ப்ளூடூத்தில் போகும்போது அதுவும் சுருக்கித்தான் போகிறது. ஜீப்பில் அதைக் கேட்பது, மழையில் நின்றுகொண்டு பன்னீர் தெளித்துக்கொள்கிற மாதிரி!

'வால்யூம் நார்மலைஸ்' என்பதையும் போட்டுவிடுங்கள். அடுத்த பாட்டு திடீரென்று அலறாது. ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி' என்ற இடத்தில் டெசிபல் வரம்பு வைக்கலாம். 80-ல் வையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. ஒன்றுமே இல்லை என்றால் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். தலை குளித்த ஈரக் காதில் இயர்போனைச் செருகினால் பூஞ்சை வரும். இயர்போன் வலையில் அழுக்கு அடைத்தாலும் சத்தம் குறையும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

பையனைக் கே.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி ஆடியோகிராம் எடுக்கச் சொன்னேன். 4,000 ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் சின்னதாக ஒரு பள்ளம். இரண்டு மாதம் கழித்து வந்தான். சில்வண்டு முழுசாக நிற்கவில்லை, ராத்திரி அமைதியில் மட்டும் மெலிசாகக் கேட்கிறதாம். ஆறு மாதத்தில் மறுபடி ஆடியோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூட வந்த அம்மா கிளம்பும்போது தயங்கி நின்றார். "ஐயா, நானும் காய் பொறுக்கறப்ப பாட்டு கேக்கறேன். மேஸ்திரி கூப்பிட்டா கேக்கணுமேன்னு ஒரு காதுலதான் மாட்டிக்குவேன். பாட்டுல பாதி வாத்தியம் காணாமப் போவுது..."

ஸ்டீரியோவில் பதிந்த பாட்டில் வலக் காதுக்கு ஒன்று, இடக் காதுக்கு வேறொன்று வரும். 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாட்டெல்லாம் அப்படிப் பதிந்தவைதான். ஒற்றைக் காதில் கேட்டால் மறுபக்கத்து வாத்தியம் போச்சு. போனில் 'அக்சஸிபிலிட்டி' என்ற பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகி ஒரே காதில் வரும். ஒரு காது மந்தமானவர்களுக்கும் இது பெரிய உதவி. பையனே அம்மா போனை வாங்கி அதைப் போட்டுக் கொடுத்தான். அந்த அம்மா வாசல்படியில் நின்றபடியே ஒரு பாட்டை வைத்துக் கேட்டார்.

"அட, இதுல புல்லாங்குழல் இருக்கா!" என்றார்.