மருந்தைத் தின்னும் திரவம்!

மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குகிறீர்கள். 'ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கு, பார்த்துடலாம்' என்று டாக்டர் டெஸ்ட்டுக்கு எழுதித் தருகிறார். ரிப்போர்ட் வருகிறது. அளவு குறைவு! "ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதில்லையா?" என்று வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிடும். பொறுங்கள். குற்றவாளி நீங்களாக இல்லாமல், பரிசோதனைக்கூடத்து பாட்டிலாகவும் இருக்கலாம்!

அதெப்படி?

ரத்தத்தில் புரதம், கொழுப்பு, உப்பு என்று எத்தனையோ சமாசாரங்கள். அதிலிருந்து மருந்தை மட்டும் பிரிக்க வேண்டும். கறிவேப்பிலையைத் தாளித்தால் மணம் எண்ணெயில் இறங்குகிறது அல்லவா? அது மாதிரி, குளோரோஃபார்ம், ஈதர் போன்ற கரைப்பானை ரத்தத்தோடு சேர்த்துக் குலுக்கினால் மருந்து அதற்குள் போய்விடும். பிறகு கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சுவதை அளப்பார்கள். எல்லா டெஸ்ட்டுக்கும் இந்த முறை கிடையாது. ஆனால் இந்த முறையில் செய்யும்போது கரைப்பான் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

தாளிக்கிற எண்ணெயே சிக்கு வாடை அடித்தால்?

வெளிச்சமும் காற்றும் பட்டால் குளோரோஃபார்ம் மெல்லக் கெட்டு, ஃபாஸ்ஜீன் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அதனால்தான் பழுப்பு நிற பாட்டிலில் வைக்கிறார்கள். ஊறுகாய் கெடாமலிருக்க உப்பு சேர்ப்பது போல, இதில் 0.5 முதல் 1 சதவீதம் வரை ஆல்கஹால் சேர்ப்பதும் உண்டு. இதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர்.

வம்பு இங்கேதான்! ஆல்கஹால் ஃபாஸ்ஜீனை அடக்கும்போது எத்தில் குளோரோஃபார்மேட் என்ற பொருள் பிறக்கிறது. அது சில மருந்துகளைப் பிடித்து வேறு பொருளாக மாற்றிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் நார்ட்ரிப்டிலின் அப்படி மாட்டிக்கொள்ளக்கூடிய வகை. மாறிப்போன மருந்து கணக்கில் வராது.

ஈதர் பழசானால் அதில் பெராக்சைடு சேர்ந்து மருந்தைச் சிதைக்கும். அதைத் தடுக்கச் சேர்க்கும் பி.எச்.டி., ஈதர் ஆவியான பிறகும் தங்கிவிடும். மெஷின் வரைபடத்தில் தனி முகடாக எழும்பிக் குழப்பும்.

'துளியூண்டு அசுத்தம் என்ன செய்துவிடும்?' என்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். 1 மில்லி ரத்தத்தில் மருந்து சுமார் 100 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லி குளோரோஃபார்மின் எடை சுமார் 7.5 கிராம். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அசுத்தம் என்றாலே 7,500 நானோகிராம். மருந்தைவிட 75 மடங்கு!

கவலை வேண்டாம். நல்ல பரிசோதனைக்கூடத்தில் மருந்தே இல்லாத மாதிரி ஒன்றையும், தெரிந்த அளவு மருந்து கலந்த மாதிரி ஒன்றையும் உங்கள் ரத்தத்தோடு சேர்த்தே சோதிப்பார்கள். அந்தக் கணக்கு இடித்தால் பாட்டிலின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். குறைந்த அளவுக்கு நேரக்குழப்பமும் காரணமாகலாம்.

* என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள்.

* உடம்பு ஒன்று சொல்ல, ரிப்போர்ட் வேறொன்று சொன்னால், மறுபடி பார்க்கலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

* ஒற்றைக் காகிதத்தை நம்பி, நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடவே கூடாது!