குதத்தசையின் அமுக்கமும் அதனை அளக்கும் கருவிகளும்

மலத்தை அடக்கவியலாமை, நாணத்தால் மறைக்கப்படும் நோய்களுள் ஒன்று. பிரசவத்தில் தசை கிழிவுண்ட தாய்மாரும் முதியோரும் பலர் இதனை வைத்தியரிடமுஞ் சொல்லாது வருந்துவர். அத்தசையின் வலிமையை அளக்கும் கருவிகளை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

குதவாயிலை இரு தசைவளையங்கள் காக்கின்றன. உள்வளையம் நம் எண்ணமின்றியே மூடியிருப்பது. ஓய்வுநிலை அமுக்கத்தின் பெரும்பகுதி அதனாலாயது. வெளிவளையம் நாம் வேண்டியபோது இறுக்குவது. ஆதலின் ஓய்வமுக்கம், இறுக்கும்போதுள்ள அமுக்கம் என்னும் இரண்டும் மில்லிமீற்றர் இரசத்தில் அளக்கப்படும்.

காற்றடைத்த தனிப்பலூன் எளியது. எனினும் வாயில் முழுவதற்கும் ஓரெண்ணையே தரும். நீரொழுகு குழாயில், மெல்ல வெளிவரும் நீருக்குத் தசை தருந் தடையே அமுக்கமாகப் பதிவாகும். இது விலை குறைந்தது. ஆயின் விரைந்த மாற்றங்களைப் பற்றுதலிற் பிந்துவது. திண்ம உணரிகள் பொருந்திய குழாயோ விரைவும் நுட்பமும் உடையது. விலை மிக்கது, எளிதிற் பழுதுறுவது.

இவற்றுட் சிறந்தது யாது? ஒருவரிடத்தே அளப்பினும் கருவிக்குக் கருவி எண் வேறுபடும். ஆகவே ஒரு கருவியின் எண்ணை மற்றொன்றன் அளவுகோலால் மதிப்பிடல் தவறாகும். நோயற்றோரிடம் அதே கருவி காட்டும் அளவே, பாலும் வயதும் நோக்கி, ஒப்பீட்டிற்கு உரியது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இலண்டன் வகைப்பாடு இச்சோதனைக்கு ஒரு பொதுவொழுங்கை வகுத்தது.

எண் மாத்திரம் தீர்ப்பன்று. அமுக்கங் குறைந்தும் அடக்க வல்லாரும், நிறைந்தும் இயலாதாரும் உளர். மலக்குடலின் உணர்வும் மலத்தின் தன்மையும் உடன்நோக்கப்படல் வேண்டும். எக்கருவிக்கும் முந்தியது, நோயாளி நாணம் விட்டு வாய் திறத்தலே.