யானைத்தீயும் அடங்கா உண்டலும்

மணிமேகலையைக் கற்றோர் காயசண்டிகையை அறிவர். முனிவருக்குரிய நாவற்கனியைக் காலாற் சிதைத்துச் சாபம் பெற்ற அவள், பன்னிரண்டு ஆண்டுகள் எவ்வளவு உண்டும் பசி தணியாது வருந்தினாள். அதனைச் சாத்தனார் ‘யானைத்தீ’ என்னும் நோயாகவே குறித்தார்.

இக்கால மருத்துவரும் அடங்காது உண்டலை ஒரு நோயாக வகுத்துள்ளனர். ‘பிஞ்ச் ஈட்டிங் டிசோடர்’ என வழங்கும் அதனை நாம் அடங்கா உண்டல் நோய் என்போம். 1959 இல் ஸ்ரங்காட் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை எடுத்துரைத்தார். 1994 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மேலும் ஆராய்தற்குரியதெனப் பின்னிணைப்பிற் சேர்த்தது. 2013 இல் தனிநோயாக ஏற்றது.

இதன் வரைவிலக்கணம் யாது? இரண்டு மணி நேரம் போன்ற குறுகிய பொழுதில், பிறர் உண்பதினும் தெளிவாக மிகுதியாய் உண்ணல், அவ்வேளையில் நிறுத்த இயலாதெனும் உணர்வு, இவ்விரண்டும் வேண்டும். அன்றியும் விரைந்துண்ணல், வயிறு நோகுமளவும் உண்ணல், பசியின்றி மிகுதியாய் உண்ணல், வெட்கத்தாற் தனித்துண்ணல், உண்டபின் தன்னையே வெறுத்தல் அல்லது குற்றவுணர்வால் வாடல் என்னும் ஐந்தனுள் மூன்றேனும் இருத்தல் வேண்டும். இதனால் மிக்க மனவருத்தமும் உண்டாதல் வேண்டும். சராசரியாக வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதம் இது நிகழ்தல் வேண்டும். உண்டதை வலிந்து வாந்தியெடுக்கும் வழக்கம் தொடர்ந்திருப்பின் அது புலிமியா என்னும் வேறு நோயாகலாம்.

எனவே, கலியாணப் பந்தியில் ஒருநாள் மிகுதியாக உண்பவன் நோயாளன் அல்லன். உடற்பருமனும் இந்நோய்க்கு இலக்கணம் அன்று. மெலிந்தோர்க்கும் இது வரலாம். காயசண்டிகைக்குப் பசி இருந்தது. இந்நோயாளரோ பசியின்றியும் உண்பர். ஆதலின் இரண்டும் ஒன்றெனக் கொள்ளற்க. உண்பவர் விருப்பத்துக்கு அடங்காமை ஒன்றே இரண்டுக்கும் பொது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில், இரவில் ஒளித்துண்ணும் பிள்ளையைச் ‘சாப்பாட்டு ராமன்’ என நகைத்தல் எளிது. அந்நகையால் வெட்கம் மிகும். வெட்கத்தால் மறைவு மிகும். மறைவால் நோய் வளரும். பட்டினி போட்டுத் திருத்த முயலுதலும் தீது. கடும் பட்டினி மீண்டும் மிகையாக உண்ணத் தூண்டும். உளநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. எண்ணத்தையும் பழக்கத்தையும் நெறிப்படுத்தும் உரையாடற் சிகிச்சை பலருக்குப் பயன் தந்துள்ளது. அங்கொடைத் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்துண்ணக் கற்பிக்கின்றது. அளவறிந்தும் நிறுத்த இயலாதவர்க்கு வேண்டுவது அறிவுரை அன்று, மருத்துவம். பெற்றோராயும் ஆசிரியராயும் விளங்கும் பழைய மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.