மலைநாட்டில் மட்கலத் தயிர்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறினால், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்த வண்டன்மேட்டை அடையலாம். ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வூர், கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. தோட்ட வேலையின் பொருட்டு இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. சமவெளியில் கற்ற சமையல் முறைகள் சில, மலைமேல் அப்படியே பலிப்பதில்லை. அவற்றுள் ஒன்று மண்பானையில் தயிர் தோய்த்தலாகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் வெப்பத்தில், மாலையில் உறை ஊற்றிய பால் விடிவதற்குள் கட்டித் தயிராகிவிடும். அதே அளவு பாலையும் உறைமோரையும் அதே பானையில் இட்டு மலைமேல் ஆடி மாதத்து இரவில் வைத்தால், காலையிலும் அது பாலாகவே நிற்கக்கூடும். அல்லது இறுகாமல் கொழகொழத்துப் போகக்கூடும். உழைத்துப் பெற்ற கூலியில் வாங்கிய பால் வீணாவது சிறிய இழப்பன்று. இக்குறை பாலைச் சார்ந்ததா, பானையைச் சார்ந்ததா என்பதை அறிய, தயிர் உண்டாகும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பால் தயிராவது எங்ஙனம்?

உறைமோரில் லாக்டிக் அமில பாக்டீரியங்கள் எண்ணற்றவை வாழ்கின்றன. இவை பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. புதிய பாலின் பி.எச். அளவு சுமார் 6.6 ஆகும். அமிலம் பெருகப் பெருக இவ்வளவு குறைந்து, 4.6-ஐ நெருங்கும்பொழுது, கேசின் என்னும் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. அவ்வலையினுள் நீரும் கொழுப்பும் சிறைப்பட்டு நிற்பதே தயிர்.

பல்கேரிய நாட்டுத் தயிரில் வாழும் இத்தகைய பாக்டீரிய வகையொன்றை, அந்நாட்டு மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் ஆராய்ந்து கண்டார். அவ்வகை 40 டிகிரி சென்டிகிரேடைச் சூழ்ந்த வெப்பத்தில் விரைந்து பெருகும். இந்திய வீடுகளின் உறைமோரில் பல வகைகள் கலந்திருக்கும். அவற்றுட் சில 30 டிகிரி அளவிலும் நன்கு வளர்வன. ஆயினும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால், எல்லா வகைகளின் வேலையும் மிகவும் தளர்ந்துவிடும்.

தளர்ச்சியால் நேர்வது காலத்தாழ்வு மட்டுமன்று. அமிலம் விரைவில் பெருகினால் கேடு விளைக்கும் கிருமிகள் பல தலையெடுப்பதில்லை. அமிலம் மெல்லப் பெருகினாலோ, அந்த இடைவேளையில் வேண்டாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஆகவே, உறையத் தாமதமாகும் பால் உடல்நலத்தைப் பற்றிய பொருளுமாகும்.

பானையின் இரு குணங்கள்

மெருகிடாத மட்கலத்தின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள. பாலின் நீர்ப்பகுதி அவற்றின் வழியே கசிந்து, புறப்பரப்பில் ஆவியாகின்றது. நீர் குறைவதால் தயிர் கெட்டிப்படுகின்றது. ஆவியாவதால் கலமும் குளிர்கின்றது. 1 கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 கிராம் நீர் ஆவியாகி, அதற்குரிய வெப்பம் முழுவதும் கலத்திலிருந்தே எடுக்கப்படுமாயின், ஒரு லிட்டர் பாலும் அதன் பானையும் ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்துவிடும்.

இனி, பானையின் சொந்தக் குளிர்ச்சியையும் கணக்கிடல் வேண்டும். 18 டிகிரியிலுள்ள 1 கிலோகிராம் எடையுள்ள பானையில், 42 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் பாலை ஊற்றினால், கலவையின் வெப்பம் உடனே 38 டிகிரிக்கு இறங்கும். எனவே உறை ஊற்றிய கணத்திலேயே 4 டிகிரி இழக்கப்படுகின்றது. குளிர்ந்த மலைக்காற்று எஞ்சிய வெப்பத்தையும் இரவெல்லாம் கவர்ந்து செல்லும். சமவெளியில் நன்மையாக விளங்கிய பானையின் குளிர்ச்சி, மலைமேல் உறையும் வேளையில் தீமையாவது இதனாலேயே.

செய்முறை

புதுப் பானையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, பின்னர் அரிசிக் கஞ்சியை ஊற்றிக் காய்ச்சிப் பழக்குதல் நன்று. மாவுப்பொருள் துளைகளின் ஒரு பகுதியை அடைப்பதால் கசிவு மட்டுப்படும்.

வண்டன்மேட்டின் உயரத்தில் நீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். இதனால் தயிருக்குக் குறைவில்லை. பாலை 90 டிகிரிக்கு மேல் 5 நிமிடங்கள் காய்ச்சினாலே கிருமிகள் மடிவதோடு, பாலின் தெளிநீரிலுள்ள புரதம் இயல்பு திரிந்து கேசினுடன் பிணையும். தயிர் இறுக்கமாக அமையும்.

காய்ச்சிய பாலை மூடியிட்டு ஆறவைத்தல் வேண்டும். மணிக்கட்டின்மேல் விட்ட ஒரு சொட்டு இதமான சூடாகத் தோன்றுவதே ஏற்ற பதம். அதற்குள் பானையை வெந்நீரால் நிரப்பிச் சூடேற்றி, பால் ஊற்றுவதற்குச் சற்று முன்னர் அந்நீரைக் கொட்டிவிடுதல் வேண்டும். இவ்வொரு செயலே மேற்சொன்ன 4 டிகிரி இழப்பைத் தவிர்க்கும்.

ஒரு லிட்டர் பாலுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை புதிய தயிரைக் கலக்கலாம். குளிர்காலத்தில் 30 மில்லிலிட்டர் வரை கூட்டலாம். பிறகு பானையை மூடி, வைக்கோற் பிரிமணையின்மேல் அமர்த்தி, கம்பளியாலோ தடித்த சாக்காலோ சுற்றி, வைக்கோல் நிரப்பிய பெட்டியுள் வைத்தல் வேண்டும். உறையுமட்டும் கலத்தை அசைத்தலாகாது. 40 டிகிரி அளவில் வெப்பம் நிலைக்குமாயின் 5, 6 மணி நேரத்தில் தயிர் தோயும். 30 டிகிரியாயின் 8 முதல் 12 மணி நேரம் ஆகும்.

தயிர் தோய்ந்தவுடன் போர்வையை நீக்கிப் பானையைக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். இப்பொழுது அதன் குளிர்ச்சி, புளிப்பு மிகாமல் காக்கும் துணையாகின்றது.

கவனிக்க வேண்டியவை

தயிர்ப் பானையைச் சோப்பிட்டுத் தேய்த்தலாகாது. துளைகள் அதனை உறிஞ்சிக்கொள்ளும். நாரினால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் உலர்த்தல் வேண்டும். வெயில் காணாத மழைநாட்களில் அடுப்பருகே உலர்த்தலாம். இரு பானைகளை முறைமாற்றிப் பயன்படுத்துவோர்க்கு இவ்வேலை எளிதாகும்.

பளபளப்பான மெருகிட்ட கலங்கள் சிலவற்றின் மெருகில் ஈயம் கலந்திருக்கும். தயிரின் அமிலம் அதனைக் கரைத்து உணவில் சேர்க்கும்; குழந்தைகளுக்கு இது பெருந்தீங்கு. வண்ணமோ வார்னிஷோ உட்புறம் பூசிய கலமும் ஆகாது. நன்கு சுட்டதும், தட்டினால் கணீரென ஒலிப்பதும், பூச்சற்றதுமான பானையே தக்கது.

தயிரில் குமிழிகள் எழுந்தாலும், நூல்போல் இழுபட்டாலும், நிறப்பூசணம் படர்ந்தாலும், துர்நாற்றம் வீசினாலும் அதனை உண்ணலாகாது. அடுத்த நாள் உறைக்கும் எடுக்கலாகாது. பானையைத் தூய்மை செய்து, வேறு வீட்டினின்று புதிய உறைமோர் பெறுதலே முறை.

பானையிலும் குறையில்லை, பாலிலும் குறையில்லை. உறையும்வரை வெப்பமும், உறைந்தபின் குளிர்ச்சியும் வேண்டும் என்னும் இரு நிலைகளைப் பிரித்தறிந்து நடத்தினால், ஆடி மழையிலும் மலைநாட்டு மட்கலம் கட்டித் தயிரைத் தரும்.