ஒரு பூ கழியட்டும்

பூதப்பாண்டி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியதைவிட அழுததுதான் அதிகம். இடையிடையே காதில் விழுந்ததைச் சேர்த்து எனக்குப் புரிந்தது இதுதான். புராஜெக்டுக்காக, கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் அளவீடுகளில் ஒரு விண்மீனைப் பார்த்திருக்கிறாய். மூன்று நாளைக்கு ஒருமுறை அதன் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு மங்கியிருக்கிறது. சூரியனைப் போன்ற விண்மீன், அதைச் சுற்றும் ராட்சதக் கோள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும்விட்டாய். கடைசியில் பார்த்தால், ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதன் வெளிச்சம் உன் விண்மீனோடு கலந்து உன்னை ஏமாற்றிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். இனி பிசிக்ஸ் வேண்டாம், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்கிறாய்.

பேங்க் வேலை நல்ல வேலை. உங்கம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் சிரிப்புக்குப் பயந்து ஓடி ஒளிகிற இடமாக அது வேண்டாம்.

உன் கணக்கில் தப்பில்லை. வியாழனின் விட்டம் சூரியனுடையதில் பத்தில் ஒரு பங்கு. தட்டின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அப்படியொரு கோள் குறுக்கே வந்தால் மங்கலும் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் கோள் வந்தால் மங்கும் என்பதால், மங்கினாலே கோள்தான் என்று ஆகிவிடாது. வயலில் தண்ணீர் குறைந்தால் யாராவது மடையைத் திறந்திருக்கலாம். வரப்பில் நண்டு வளை போட்டிருக்கவும் செய்யலாம்.

இதே இடத்தில் உனக்கு முன்னால் வழுக்கி விழுந்தவர் சென்னையிலேயே இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளோடு, இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1850களில் அந்த ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனை அவர் அளந்துவந்தார். சூரியனைவிடக் கொஞ்சம் சிறிய இரண்டு விண்மீன்கள், ஏறத்தாழ 88 ஆண்டுகளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. கணக்கு சொன்ன பாதையிலிருந்து அவை சிறிது விலகுவதாக அவருக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறதோ என்று 1855இல் எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு அப்பால் கோள் இருக்கலாம் என்று அளவீடுகளை வைத்துச் சொன்ன ஆரம்பக் குரல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து போனது.

அந்தக் கோள் இல்லை. கண்ணால் பார்த்து, திருகைத் திருகி அளந்த காலம் அது. அளவையில் நேர்ந்த சிறு பிழைகளே கோளின் வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தன.

கதை அதோடு முடியவில்லை. 1896இல் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே விண்மீனில் இருண்ட துணை ஒன்று இருப்பதாக அடித்துச் சொன்னார். 1899இல் மோல்ட்டன் என்ற 27 வயது இளைஞர், அப்படியொரு பொருள் அந்த இடத்தில் நிலைத்துச் சுற்ற முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சீ அதை ஏற்காமல் ஆய்விதழுக்குக் காரமாகக் கடிதம் எழுதினார். இனி உங்கள் எழுத்துக்கு இடம் தருவதில் கட்டுப்பாடு உண்டு என்று அந்த இதழ் சொல்லும் அளவுக்குப் போயிற்று. ஜேக்கப்பும் தப்பு செய்தார், சீயும் தப்பு செய்தார். ஜேக்கப்பை இன்றும் மரியாதையோடு நினைக்கிறார்கள். சீயின் பேரைச் சொன்னால் முதலில் சண்டைதான் நினைவுக்கு வருகிறது.

ஊராரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கன்னியாகுமரியில் எல்லா நாளும் சூரியன் கடலில்தான் மறையும் என்று வகுப்பில் சொன்னேன். கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் எழுந்து, "ஆடி மாசம் கரைப்பக்கம்லா சார் மறையும்" என்றான். உட்காருலே என்று அதட்டினேன். அந்த ஆடியிலேயே ஒரு சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்தேன். சூரியன் வடமேற்கே தள்ளிப்போய் நிலத்துக்குப் பின்னால்தான் இறங்கியது. அதை வகுப்பில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்ன தப்பைவிட, திருத்தாமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது நல்ல கதைக்கு வருகிறேன். தட்டாமாலை சுற்றியிருக்கிறாய் அல்லவா? பெரியவரும் பிள்ளையும் கைகோத்துச் சுற்றினால், பிள்ளை பெரிய வட்டம் போடும்; பெரியவரும் நின்ற இடத்திலேயே சின்னதாக ஒரு வட்டம் போடுவார். கோளோடு விண்மீன் ஆடுவதும் அப்படித்தான். மீன்காரர் வண்டியின் ஹாரன் நம்மை நோக்கி வரும்போது ஒரு சுருதி, தாண்டிப் போகும்போது ஒரு சுருதி. விண்மீனின் ஒளியிலும் அந்த மாற்றத்தை அளக்கலாம். 1994 கடைசியில், பிரான்சு நாட்டு ஆய்வகம் ஒன்றில், ஆராய்ச்சி மாணவர் திதியே குவெலோ 51 பெகாசி என்ற விண்மீன் அப்படி ஆடுவதைக் கண்டார். சூரியனைப் போன்ற விண்மீன். சுமார் 50 ஒளியாண்டு தூரம். கோள் இருந்தால் அது வியாழனில் ஏறத்தாழப் பாதி எடையாவது இருக்கும், ஆனால் வெறும் 4.2 நாளில் ஒரு சுற்று! நம் வியாழனுக்கு ஒரு சுற்றுக்கே 12 ஆண்டு ஆகிறது. குவெலோ முதலில் சந்தேகப்பட்டது தான் எழுதிய கணினி நிரலைத்தான். பிறகு அவரும் ஆசிரியர் மிஷேல் மேயரும், சூரிய வெளிச்சத்தில் மறைந்திருந்த அந்த விண்மீன் மறுபடி தெரியும்வரை காத்திருந்தார்கள். ஆட்டம் எந்த நாளில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, 1995 ஜூலையில் அளந்தார்கள். சரியாக வந்தது. அக்டோபரில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். 2019இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு உன் பாட்டா ஞாபகம் வந்தது. புதிதாக ஒரு விதைநெல் வந்தால், எப்படி இருக்கு என்று ஊரில் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். முதல் போகமான கன்னிப்பூவில் நன்றாக விளைந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். "கும்பப்பூவும் பாக்கணும்லா. ஒரு பூ கழியட்டும், பொறவு சொல்லுகேன்" என்பார்.

நீ செய்யவேண்டியதும் அவ்வளவுதான். புராஜெக்டைத் தூக்கி எறியாதே. கோள் என்று ஏன் நினைத்தாய், எப்படி இல்லையென்று தெரிந்தது என்று இரண்டையும் அதிலேயே எழுது. அடுத்த விண்மீனை எடுக்கும்போது, கோளைத் தவிர வேறு எதெது இப்படி மங்கவைக்கும் என்று முதலில் ஒரு பட்டியல் போடு. அடுத்த மங்கல் எந்த நாள் என்று நோட்டில் குறித்துவைத்துவிட்டு, அந்த நாளின் அளவீட்டைப் பார். சிரித்த பிள்ளைகளிடம் நீயே போய், தப்பு எங்கே நடந்தது என்று விளக்கிச் சொல். நான் அன்றைக்குச் செய்யாததை நீ செய்.

தீபாவளிக்கு வா. வயல்பக்கம் போனால் தெருவிளக்கு கிடையாது. சாயங்காலம் இருட்டியபின் பெகாசஸின் பெரிய சதுரம் தலைக்கு மேலே நிற்கும்; 51 பெகாசி அதன் ஓரத்தில்தான். என் பைனாகுலரில் தெரியும்.

இங்கே கன்னிப்பூ அறுப்பு தொடங்கப்போகிறது. கும்பப்பூ அறுக்க மாசி, பங்குனி ஆகும். அப்போதும் பேங்க்தான் என்றால் விண்ணப்பப் பணத்தை நானே கட்டுகிறேன். அதுவரை எதையும் முடிவு செய்யாதே. ஒரு பூ கழியட்டும்.

அன்புடன்,
மாமா