நப்ஸிடம் கணக்குக் கேட்போம்

ஸூரத்துல் ஹஷ்ரின் 18-வது ஆயத்தில் அல்லாஹு தஆலா ஈமான் கொண்டவர்களை அழைத்து, ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காக எதை அனுப்பி வைத்திருக்கிறது என்று பார்த்துக் கொள்ளும்படிக் கட்டளையிடுகின்றான். நாளை என்பது கியாமத் நாள். அங்கே கணக்குக் கேட்கப்படுமுன் இங்கேயே நம்மை நாம் கணக்குக் கேட்டுக் கொள்ள வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் உபதேசித்த செய்தி திர்மிதீயில் வருகிறது. இதற்குத்தான் முஹாஸபா என்று பெயர். ஹிஜ்ரி 243-ல் பக்தாதில் வபாத்தான ஹாரிஸ் (ரஹ்) அவர்கள் ஓயாமல் தம்மைத் தாமே கணக்குக் கேட்டு வந்தபடியால் அன்னாருக்கு முஹாஸிபீ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நம்மில் பலர் முஹாஸபா செய்வதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்கிறோம். இஷா தொழுதபின் தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு, "யா அல்லாஹ்! நான் பெரும்பாவி" என்று அழுகிறோம். அழுகை நல்லதுதான், அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அது கணக்காகாது. மளிகைக் கடைக்காரரிடம் போய், "நான் பெரிய கடன்காரன்" என்று சொல்லிவிட்டு வந்தால் அவருடைய ஏட்டில் ஒரு காசாவது குறையுமா? எந்தத் தேதியில், என்ன சாமான், எவ்வளவு பாக்கி என்று பார்த்தால் அல்லவா கணக்கு!

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் நான்காம் பகுதியில் இதற்கென்றே தனிக் கிதாபு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அதில் நப்ஸை வியாபாரக் கூட்டாளிக்கு ஒப்பிடுகிறார்கள். காலையில் அதனிடம் ஒப்பந்தம் பேசி, பகலெல்லாம் கண்காணித்து, இரவில் உட்கார்ந்து கணக்குத் தீர்க்க வேண்டும். அருமையான உவமை. நாம் கவனிக்க வேண்டிய ஒரு சங்கடமும் இதில் உண்டு: இந்தக் கூட்டாளிதான் கணக்குப்பிள்ளையும் கூட. தனக்குப் பாதகமான பக்கத்தை அவன் லேசில் திறந்து காட்ட மாட்டான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கும் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். அங்கே பாத்தி வைத்திருக்கும் ஒரு முஸ்லிமை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஐவேளைத் தொழுகையாளி, தஹஜ்ஜுதும் தவறுவதில்லை. இரவில் கணக்குப் பார்க்கிறார். ஜமாஅத் தவறியதா? இல்லை. ஹராமைப் பார்த்தோமா? இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்துவிடுகிறார். உச்சி வெயிலில், பாதம் வெடிக்க நின்று உப்பு வாரிய பெண்களின் இரண்டு வாரக் கூலி அவர் மடியிலேயே இருக்கிறது. ஐப்பசி மழை வந்தால் உப்பளம் மூடிவிடும்; அந்தப் பெண்களுக்கு வேறு வேலை இல்லை. லாரி ஏறிய உப்பு எடை கூடட்டும் என்று ஈரத்தோடு அள்ளப்பட்டதும் அவருக்குத் தெரியும். இந்தப் பக்கங்களைக் கணக்குப்பிள்ளை திறக்கவே இல்லை. கேட்டால், "தொழிலில் எல்லோரும் செய்வதுதானே" என்பான். மனிதன் எத்தனை சாக்குகளைச் சொன்னாலும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கிறான் என்று ஸூரத்துல் கியாமா கூறுவது இவருக்கும் நமக்கும்தான்.

வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வந்தும், ஒருவரை ஏசி, ஒருவர் பொருளைத் தின்று, ஒருவரை அடித்த காரணத்தால் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு நரகில் எறியப்படுகிறவனையே நாயகம் (ஸல்) அவர்கள் 'முப்லிஸ்' (திவாலானவன்) என்று குறிப்பிட்டதாக முஸ்லிமில் வருகிறது. ஆகவே முஹாஸபாவில் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அடியார்களின் ஹக்கு என்பதே நமது கருத்து.

இதில் நியாயமும் வேண்டும். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி நொடித்துப் போனவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது ஸூரத்துல் பகராவின் 280-வது ஆயத். வசதியிருந்தும் இழுத்தடிப்பதைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் அநியாயம் என்றார்கள். தான் இவ்விருவரில் யார் என்பது அவரவர் கல்புக்குத் தெரியும்.

நன்மைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி, ஏறத்தாழ 25 டிகிரி அடர்த்திக்கு வந்ததும் உப்பு விழத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் மிச்சத் தண்ணீரில் மக்னீசியம் மிகுந்து கசப்பேறிவிடும். இன்னும் கொஞ்சம் உப்புக் கிடைக்காதா என்று அதைத் தேக்கி வைத்தால் விழுந்த நல்ல உப்பும் கசந்து, நீர்த்துப்போகும். தண்ணீரைக் கண்ணால் பார்த்து இதைக் கண்டுகொள்ள முடியாது. டிகிரிக் குழாயைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நல்ல அமலுக்குப்பின் 'நான் செய்தேன்' என்று உள்ளே தங்குகிறதே, அந்த ரியாவும் இப்படித்தான். பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், அதில் தம் பெயர் எழுதப்படவில்லை என்று அறிந்த அன்றிரவு மனம் எப்படி இருந்தது என்று பார்க்கட்டும். குழாய் டிகிரியைக் காட்டிவிடும்!

வீட்டுப் பெண்மணிகளுக்கும் இதே கணக்குத்தான். பாத்திரம் தேய்க்க வருகிறவளின் சம்பளம், கல்யாணத்துக்கு இரவல் வாங்கித் திருப்பாத நகை, நாத்தனாரைப் பற்றி அடுப்படியில் பேசிய பேச்சு. ஆனால் ஒன்று, மருமகளின் குறைகளை இரவில் எண்ணிப் பார்ப்பது முஹாஸபா அல்ல!

நம் கடற்கரைக் கிறிஸ்தவ சகோதரர்களிடமும் 'ஆத்தும சோதனை' என்று ஒன்று உண்டு. கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் தனித்திருந்து தம் குற்றங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்வார்கள். பொத்தாம் பொதுவாக அழாமல் இனம் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் கவனிக்கத்தக்கது. நம் மார்க்கத்தில் அதைக் கேட்டு மன்னிக்க இடையில் ஒருவர் இல்லை. அல்லாஹ் மறைத்து வைத்த பாவத்தை ஊரறியச் சொல்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அவனுக்குரியதை அவனிடமே சொல்ல வேண்டும். மனிதருக்குரியதை அந்த மனிதரிடம் தீர்க்க வேண்டும்.

நப்ஸு மறைப்பதைப் பிறர் சொல்லித்தான் சில வேளை அறிய முடியும். அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் யமனிலுள்ள மஃரிபின் உப்புநிலத்தைக் கேட்க, நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அது வற்றாத ஊற்றைப் போன்றது என்று சபையில் இருந்த ஒருவர் எடுத்துச் சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காண்கிறோம். அல்லாஹ்வின் தூதரே ஒரு சாதாரண மனிதரின் சொல்லைக் கேட்டு ஏற்றிருக்க, நம் மனைவியோ, கூலியாளோ, "இது சரியில்லை" என்றால் நமக்குக் கோபம் வருவானேன்?

கணக்கில் பாக்கி தெரிந்துவிட்டால் அழுகை மட்டும் போதாது. பாவத்தை விடுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என்ற உறுதி ஆகிய மூன்றோடு, அடியார் ஹக்கில் உரியவரிடம் ஒப்படைப்பதும் தௌபாவின் ஷர்த்து. கூலியாள் வேறூருக்குப் போயிருந்தால் தேடிக் கொடுக்க வேண்டும். இறந்திருந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். அவர் எந்த மதத்தவராயினும் சரியே. எவரையும் கண்டுபிடிக்க வழியே இல்லாவிட்டால் அந்தத் தொகையை உரியவரின் பேரில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் அவர் வந்து, "என் பணம் வேண்டும்" என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டியதுதான்.