பேஸ் கிட்டாரோடு மேடை ஏறும் தங்கச்சிக்கு... அக்காவின் டிப்ஸ்!

“அக்கா, எந்த கம்பெனி பேஸ் கிட்டார் வாங்கலாம்?” ட்ரூப்பில் வாசிக்க ஆசைப்படும் தங்கச்சிகள், தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கம்பெனி பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்யாண ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நிற்கப் போகிறவளுக்கு, நடுப்பாட்டில் கைவிடாத வாத்தியம்தான் வேண்டும். பாடகர் துணிந்து சங்கதி போடுவதும், டிரம்மர் ரோல் போட்டுவிட்டு ஒன்றில் வந்து உட்காருவதும், கீழே பேஸ் நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான். அதனால் நம்பகத்துக்கு முதலில் செலவு செய், பளபளப்புக்குக் கடைசியில் செலவு செய். எதில், எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கடையில் கவனிக்க...

* முதல் வாத்தியத்துக்கு ஈ, ஏ, டி, ஜி என்று 4 ஸ்ட்ரிங் போதும். வழக்கமான பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம் இருக்கும். முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட்டுக்கு விரல் எட்டாமல் மணிக்கட்டு இழுத்தால், 30 அங்குல ‘ஷார்ட் ஸ்கேல்’ பேஸ் கேட்டு வாங்கு. அது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. பீட்டில்ஸில் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் வயலின் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான்.

* லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸையும் 1960-ல் ஜாஸ் பேஸையும் கொண்டு வந்தார். இன்று கடையில் தொங்குவதில் பலவும் இந்த இரண்டின் வாரிசுகள்தான். ‘பி’ டைப்பில் சத்தம் தடிமனாக, நடுவில் திரண்டு வரும். கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்து முழங்கும்போதும் அமுங்காது. ‘ஜே’ டைப்பில் இரண்டு பிக்அப் உண்டு, சத்தத்தைப் பலவிதமாக மாற்றலாம். நட் பக்கம் நெக் ஒல்லியாக இருப்பதால் சின்னக் கைக்கும் வசதி.

* 4 ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்துப் பார். எங்காவது ‘ஜிர்ர்’ என்றால், அல்லது சத்தம் சட்டென்று செத்துப்போனால், காரணம் கேள். 12-வது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். நாப்களைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரக் கூடாது.

* ஸ்ட்ராப் மாட்டி பத்து நிமிடமாவது நின்று வாசி. இடது கையை எடுத்ததும் நெக் தானாகக் கீழே சாய்கிறதா? அப்படியானால் வாசிக்கும்போதெல்லாம் இடது கைதான் அதைத் தாங்கும். வேறு பேஸைப் பார்.

செட்டப்புக்குக் கணக்குப் பார்க்காதே!

* கையிருப்பை முழுக்க வாத்தியத்திலேயே கொட்டிவிடாமல், செட்டப்புக்கு (ஸ்ட்ரிங் உயரம், நெக் வளைவு சரிசெய்ய) ஒரு தொகை ஒதுக்கு. நல்ல டெக்னீஷியனின் கைபட்ட சாதாரண பேஸ், செட்டப் இல்லாத விலை உயர்ந்த பேஸைவிட இனிமையாகப் பேசும். 12-வது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கை வலிக்காது. “மூன்று மணி நேரம் நின்று வாசிக்கிறேன், விரலால் வாசிக்கிறேன்” என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிடு; அதற்கேற்ப வைத்துத் தருவார்.

* நெக் மரம்தானே, காற்றின் ஈரத்துக்கு வளையும், நிமிரும். ஐப்பசி மழையில் திடீரென்று ஃப்ரெட்டில் இடிக்கிறது என்றால் பதறாதே. உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைச் சரிசெய்தால் போதும். நீயே செய்வதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே. மரம் அமர நேரம் கொடுத்து, மறுபடி பார். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் பேஸை விட்டுவிட்டு ஒருபோதும் போகாதே.

ஸ்ட்ரிங் ரகசியம்

* புதிதாக வாசிப்பவர்களுக்கு 45-105 தடிமன் செட் நல்லது. ‘ரவுண்ட்வவுண்ட்’ பளிச்சென்று கேட்கும். ‘ஃப்ளாட்வவுண்ட்’ வழவழவென்று, பழைய பாட்டுகளுக்கேற்ற உருண்டையான சத்தம் தரும். அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனிப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்கை அறுந்தால்தான் மாற்றுவார்; வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசிப்பார்.

* ஒரே செட்டில் பழைய சத்தமும் வேண்டுமா? பிரிட்ஜை ஒட்டி, ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகு. சத்தம் நீளாமல் ‘தும் தும்’ என்று அடங்கி விழும். எழுபதுகளின் பாடல்கள் வரும்போது வைத்துக்கொள், குத்துப் பாட்டு வந்தால் எடுத்துவிடு. ஸ்பாஞ்ச் அழுத்தினால் சுருதி கொஞ்சம் நகரும், மறுபடி ட்யூன் செய்ய மறக்காதே.

* வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலும் கீழும் துடை. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது கட்டாயம். வியர்வை உப்பும் காற்று உப்பும் சேர்ந்து ஸ்ட்ரிங்கைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும்.

கட்டை மாறினாலும் கலங்காதே

* மேடையில் பாடகி, “இன்னிக்கு அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்று கேட்பது சகஜம். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிடுவார். உனக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு பாட்டையும் ஓப்பன் ஸ்ட்ரிங் தொடாமலும் வாசித்துப் பழகு. எல்லா ஸ்வரமும் விரல் அழுத்தும் ஃப்ரெட்டில் இருந்தால், அரைக் கட்டை இறங்க ஒரு ஃப்ரெட் பின்னால், ஒரு கட்டை ஏற்ற இரண்டு ஃப்ரெட் முன்னால் நகர்ந்தால் போதும். விரல் வடிவம் மாறவே மாறாது.

* 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 5 கட்டை ஜி. இது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 4 ஸ்ட்ரிங் பேஸில் ஆகக் கீழ் ஸ்வரம் ஈ. 2 கட்டைப் பாட்டில் ஆகக் கீழ் ஸட்ஜத்தை ஏ ஸ்ட்ரிங்கின் 5-வது ஃப்ரெட்டில் பிடிக்கலாம். 5 ஸ்ட்ரிங் பேஸ் என்றால் பி ஸ்ட்ரிங்கின் 3-வது ஃப்ரெட்டில் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கிடைக்கும். இந்தத் தேவை அடிக்கடி வர ஆரம்பித்தபின் 5 ஸ்ட்ரிங்குக்குப் போ, போதும்.

* பாட்டை செல்போன் ஸ்பீக்கரில் கேட்டு எடுக்காதே. லோ ஈ 41 ஹெர்ட்ஸ். அதைச் சொல்ல அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு வலு இல்லை. ஹெட்ஃபோனில் கேள். ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தின் ‘பனி விழும் மலர் வனம்’ பாட்டை (1982) பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பார். பாடகருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டிருக்கும். அதை முதலில் வாயால் பாடு, பிறகு விரலில் எடு.

பையில் இருக்க வேண்டியவை

* இரண்டு கேபிள், கிளிப் ட்யூனர், ஒரு செட் ஸ்ட்ரிங், கட்டர், சின்ன டார்ச், உன் பேஸுக்கான ஆலன் கீ, டி.ஐ. பாக்ஸ். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் என்றால் புது 9 வோல்ட் பேட்டரியும். ஆக்டிவ் பேஸில் கேபிள் சொருகி இருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வாசிக்காத நேரத்தில் பேஸ் பக்க ஜாக்கைக் கழற்றிவிடு. சத்தம் திடீரென்று கரகரத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான்.

* டி.ஐ. பாக்ஸை ஆடம்பரம் என்று நினைக்காதே. பேஸிலிருந்து வரும் சிக்னல் மெலிந்தது. நீளமான சாதாரண கேபிளில் மிக்சர் வரை ஓடினால் தெளிவு குறையும், இரைச்சல் ஏறும். டி.ஐ. பாக்ஸ் அதை பேலன்ஸ்டு சிக்னலாக்கி அனுப்பும். பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ. பொருந்தும், அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவரோ, பேட்டரியோ வேண்டும் என்று சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

* மண்டபத்தில் சீரியல் லைட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து ‘உம்ம்ம்’ என்று இரைச்சல் தருகிறதா? டி.ஐ. பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ ஸ்விட்சைத் தட்டிப் பார். ஜே டைப் பேஸ் என்றால் இரண்டு பிக்அப் வால்யூமையும் முழுதாக வை. பெரும்பாலான பேஸ்களில் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடக்கிவிடும். ஆனால் ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் கழற்றவோ உடைக்கவோ விடாதே. மின்கசிவு வந்தால் உன் உயிரைக் காப்பது அந்த பின்தான்.

ஆம்ப்பும் சவுண்ட் செக்கும்

* வீட்டுக்கு 15 முதல் 30 வாட்ஸ் ஆம்ப் தாராளம். ஹாலுக்குப் போகும் சத்தத்தை மண்டபத்து ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். மேடை ஆம்ப் நீயும் டிரம்மரும் கேட்பதற்குத்தான். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸை உரக்க வைக்காதே, ஸ்பீக்கர் கிழியும்.

* லோ ஈ ஸ்வரத்தின் ஓர் அலையின் நீளம் காற்றில் சுமார் 8 மீட்டர். அதனால் மேடையில் உன் காலடியில் கேட்பது வேறு, சாப்பாட்டு ஹால் வாசலில் கேட்பது வேறு. சவுண்ட் செக்கில் நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீ ஹாலில் நடந்து பார். ‘கொம்ம்’ என்று குழம்பினால் பேஸ் நாபைக் குறைத்து, மிட் கொஞ்சம் ஏற்று. தனியாகக் கேட்கும்போது சத்தம் சற்று ஒல்லியாகத் தோன்றும். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அதுதான் தெளிவாக நிற்கும்.

* டிரம்மரின் ஹைஹாட் பக்கம் நின்றுகொள். அவர் காலும் உன் விரலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். தபலா, டோலக் மட்டும் இருக்கும் பாட்டில் இடக்கைப் பக்கத்துக் கனத்த சத்தத்தைக் கேட்டு வாசி. சந்தேகம் வந்தால் ஸ்வரத்தைக் குறை, தாளத்தைக் குறைக்காதே.

காதும் தோளும் உன் சொத்து

* வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) நிறுவனம் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் அருகே நிற்கும் உனக்கு இசைக்கலைஞர்களுக்கான இயர் ப்ளக் அவசியம்.

* பேஸ் சுமார் நாலு கிலோ இருக்கும். ஸ்ட்ராப் 3 அங்குல அகலமாவது இருக்கட்டும். இடது மணிக்கட்டு மடங்காத உயரத்தில் பேஸைத் தொங்கவிடு. விரல் மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு வாசிக்காதே. நிறுத்தி, டாக்டரிடம் காட்டு.

சம்பளமும் திரும்பி வருவதும்

* அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, எத்தனை மணிக்கு முடியும், ராத்திரி வீட்டு வாசல் வரை வண்டி உண்டா... இவ்வளவையும் ஒத்துக்கொள்ளும் முன்பே ட்ரூப் நடத்துபவரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள். இதைக் கேட்பது திமிர் ஆகாது, தொழில்.

* “பொண்ணுக்கு எதுக்கு பேஸ், பாட வேண்டியதுதானே?” என்பார்கள். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்கள் தேடிப் போய் அழைத்த பேஸ் கலைஞர்களில் ஒருவர் கேரல் கே. மும்பையில் வளர்ந்த மோகினி டே சின்ன வயதிலேயே ஏ.ஆர்.ரஹ்மான் மேடைகளில் பேஸ் வாசித்தவர். கேட்பவரிடம் வாதாட வேண்டாம். ஸ்கேலோடு செட் லிஸ்ட் கையில், புது பேட்டரி பேஸில், சவுண்ட் செக்குக்கு அரை மணி முன்னால் மண்டபத்தில் இரு. அப்படி வருகிறவளை எந்த ட்ரூப்பும் அடுத்த கச்சேரிக்கும் கூப்பிடும். கூப்பிடும்போது சம்பளத்தையும் ஏற்றிக் கேள்!